பூட்டிக் கிடக்கும் மூன்றாவது அறை

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. இருபத்தொன்பது வருஷம் சேரிப் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதிக் கொடுத்தவள் நான். அதனால் பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் பேசுறேன்.

நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளிக்கு மூணு அறையுள்ள புதுக் கட்டடம் வந்தது. ஒழுகாத தளம், டைல்ஸ் தரை, வாசலில் கல்வெட்டு. முதல் நாள் பிள்ளைங்க காலைக் கழுவிக்கிட்டுத்தான் உள்ளே வந்தாங்க. கட்டடத்தை நான் குறை சொல்லவில்லை. 2004இல் கும்பகோணத்தில் கூரை தீப்பிடித்து 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது. உறுதியான கட்டடம் நம்ம உரிமை. ஆனால் திறப்பு விழா நடந்த அதே வருஷம் அந்த மூணு அறையில் ஒன்று பூட்டப்பட்டது. அதில் உட்கார்ந்து பாடம் நடத்த வாத்தியார் இல்லை.

எப்படி இல்லாமல் போனார்? யாரோ ஒரு அதிகாரியின் கெட்ட எண்ணத்தால் நடந்ததென்றால் போராடுவது சுலபம். இது கணக்கால் நடந்தது.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61இலிருந்து 90 வரை மூன்று. நம்ம மாநிலத்தில் ஆகஸ்டு 1 நிலவரப்படி தலையை எண்ணிப் பணியிடம் நிர்ணயிப்பார்கள். எங்க பதிவேட்டில் 64 பேர். அதில் ஏழு பிள்ளைங்க செங்கல் சூளையில். பொங்கல் முடிந்ததும் அட்வான்ஸ் வாங்கிக்கிட்டுப் போன குடும்பங்கள். ஆடி பிறந்தும் கணக்குத் தீரலைன்னு முதலாளி விடல. 'நீண்ட நாள் வராதவங்க பேரை நீக்கிட்டு எண்ணுங்க' என்றார்கள். எண்ணினோம். 57. மூன்றாவது ஆசிரியர் 'உபரி' ஆனார். பணி நிரவலில் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆவணியில் பிள்ளைங்க திரும்பி வந்துட்டாங்க. வாத்தியார் வரவில்லை. அப்பன் ஆத்தாள் வாங்கிய அட்வான்ஸ், பிள்ளையின் வாத்தியாரையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது.

மீதி நாங்க ரெண்டு பேர், வகுப்பு அஞ்சு. ஒருத்தர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போனால் அன்றைக்கு அஞ்சு வகுப்புக்கும் ஒரே ஆள். மூணாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லும்போது ஒண்ணாம் வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும். இதைப் பார்த்துக் கொஞ்சம் வசதியுள்ளவங்க கடன்பட்டாவது பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏத்திடுறாங்க. எண்ணிக்கை இன்னும் குறைகிறது. அப்புறம், 'பிள்ளைகளே இல்லை, பள்ளி எதற்கு?' என்று நம்மையே கேட்கிறார்கள்.

நம்ம பள்ளி நம்ம பிள்ளைகளை மட்டும் நம்பி நிற்பது ஏன்? பொதுப் பள்ளியில் நம்மைச் சேர்க்க மறுத்தார்கள். அதனால்தான் 1894இல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் பள்ளி தொடங்கினார். அதனால்தான் 1920களில் தொழிலாளர் துறை சேரிகளில் பள்ளிகள் நடத்தியது. எங்க பாட்டன்மார் 'லேபர் ஸ்கூல்' என்பார்கள். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அந்த வழியில் வந்தவை. நம்ம தெருவில் உள்ள பள்ளிக்கு ஊர்த்தெருப் பிள்ளை எத்தனை பேர் வருகிறார்கள், நீங்களே எண்ணிப் பாருங்க. ஊரையும் சேரியையும் பிரித்து வைத்துவிட்டுத் தலையை எண்ணி ஆசிரியர் கொடுத்தால் அது சமநீதி ஆகாது.

இந்தப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையோடு இணைப்பதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். நம்மில் எதிர்த்தவர்களும் உண்டு, வரவேற்றவர்களும் உண்டு. நான் கேட்பது ஒன்றுதான்: பலகையில் எந்தத் துறையின் பேர் இருந்தாலும் வகுப்புக்கு ஒரு ஆசிரியர் உண்டா?

1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர் என்றது. அந்தக் குறைந்த அளவே நம்ம பிள்ளைகளுக்கு உச்ச அளவாக நின்றுபோனது. கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு ஒரு அறை என்கிறது. ஆகவே முதலில் ஆசிரியரைக் கேளுங்க. அறை அவருக்குப் பின்னால் சட்டப்படியே வரும். அறையை மட்டும் கேட்டால் கல்வெட்டுதான் மிஞ்சும்.

நான் ஓய்வு பெற்ற அன்றைக்குச் சாவிக் கொத்தை ஒப்படைத்தேன். ரெண்டு சாவி தேய்ந்து பளபளன்னு இருந்தது. மூணாவது சாவி துருப்பிடித்துக் கிடந்தது.

தம்பி தங்கைகளே, கூட்டம் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். ஜூலை மாசம் உங்க ஊருக்குப் போங்க. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். அந்தத் தாய்மார்களோடு உட்காருங்க. சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போன பிள்ளைகளின் பேரை ஒவ்வொன்றாக எழுதுங்க. 'இவர்கள் எங்கள் பள்ளிப் பிள்ளைகள், இவர்களையும் எண்ணு' என்று தீர்மானம் போட்டு ஆகஸ்டு 1க்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுத்து, ரசீது வாங்குங்க. அந்த ஏழு பேரையும் நான் அன்றைக்கு எழுதி வைக்கவில்லை. நீங்க எழுதுங்க.