பெயர் சொல்லப் பெரியவர்கள் இருக்கும்போதே

(மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)





நம்மில் சில குடும்பங்களுக்குக் கடல் கடந்த உறவு உண்டு. பாட்டனார் காலத்தில் இலங்கை, பினாங்கு, பர்மா என்று வியாபாரத்துக்குப் போனவர்கள், அங்கே சம்பந்தம் செய்தவர்கள் இருக்கிறார்கள். அந்த இரத்த உறவைப் பேணுவது பற்றி என் குடும்பத்தை வைத்தே பேசுகிறேன்.

என் தாயார் இலங்கையில் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியில் பிறந்தவர். பட்டுச்சேலை வியாபாரமாகக் கொழும்பு போய்வந்த என் தகப்பனாருக்கு வாழ்க்கைப்பட்டு 1962ல் காஞ்சிபுரம் வந்தார். அன்று தலைமன்னாரில் கப்பல் ஏறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து போட் மெயிலில் செங்கல்பட்டு. அடுத்தது நம் ஊர். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் போரினால் நின்றது. தாயாரின் அண்ணன் மவுத்தான செய்தி, அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் எங்களுக்குக் கிடைத்தது.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000 பேர் அளவுக்கு வீடு, கடை, நிலம் எல்லாவற்றையும் விட்டுப் போக நேர்ந்தது. மன்னார்த் தீவு மக்கள் படகுகளில் கற்பிட்டியில் கரை சேர்ந்து, புத்தளம் பகுதியில் ஓலைக் கொட்டகைகளில் தங்கினார்கள். 2009ல் போர் முடிந்தபின் சிலர் ஊர் திரும்பினர். பலர் புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டனர்.

ஆகவே தாயாரையும் பிள்ளைகளையும் அழைத்துப் போனபோது, எருக்கலம்பிட்டியில் இரண்டு நாள், புத்தளத்தில் நான்கு நாள் தங்கினோம். பிறந்த ஊர் ஓரிடம், உறவினர் வேறிடம். தாயார் பிறந்த வீட்டில் அடித்தளம் மட்டுமே மிச்சம். அதைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை. புத்தளத்தில்தான் பேசினார். வந்தவர்களிடம் வாப்பா பெயரையும், வாப்பாவின் வாப்பா பெயரையும் கேட்டார். இரண்டாவது பெயரிலேயே உறவுமுறை விளங்கிவிட்டது. அந்தப் பெயர்கள் எனக்குத் தெரியாது. தாயார் இல்லாமல் போயிருந்தால் நாங்கள் ஊர் பார்க்க வந்தவர்கள், அவ்வளவுதான்.

"தாத்தா வாறா" என்றதும் என் மகன் ஒரு முதியவரை எதிர்பார்த்தான். வந்தவர் இருபது வயதுப் பெண். அங்கே அக்காளைத் 'தாத்தா' என்றும் அண்ணனை 'நானா' என்றும் அழைக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டார்கள். இன்றும் போனில் பேசிக்கொள்கிறார்கள்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் பெயர் சொல்லக்கூடிய ஒரு பெரியவர் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். யார் பிள்ளை யார், எந்தத் தெரு, எந்தப் பள்ளிவாசல் மஹல்லா என்று எழுதிவையுங்கள். உடல்நிலை இடம் கொடுத்தால் அவரையே அழைத்துப் போங்கள். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். தலைமன்னார் ரயில் பாதையை 2015ல் மீண்டும் திறந்தார்கள். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் சேவை 2023 அக்டோபரில் தொடங்கியது. கடல் நிலையைப் பொறுத்து நிறுத்துவார்கள், விசாரித்துப் புறப்படுங்கள்.

போன இடத்தில் பழைய சொத்துப் பேச்சு வேண்டாம். யார் வீட்டில் சிரமம் என்று கவனித்து, மற்றவர் அறியாமல் உதவுங்கள். ஏழை உறவினருக்குக் கொடுப்பதில் தருமத்தின் நன்மையும் உண்டு, உறவைச் சேர்த்த நன்மையும் உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

பயணத்துக்கு வசதியில்லை என்றால் போன் செய்யுங்கள். "அவர்கள் நம்மை விசாரிக்கவில்லையே" என்று காத்திருக்க வேண்டாம். பதிலுக்குப் பதில் செய்வது உறவைப் பேணுவதாகாது. அறுந்ததைச் சேர்ப்பதே பேணுவது என்பது நம் மார்க்கம் காட்டிய வழி.

பிரிந்த குடும்பங்களை அல்லாஹ் சேர்த்துவைப்பானாக, ஆமீன். வஸ்ஸலாம்.