பதினேழு நாவலும் முந்நூறு டாலரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மாணவர்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுங்க, ஆனா பத்து நிமிஷத்தைத் தாண்டாதீங்க" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். நான் பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் உற்பத்திப் பிரிவில் இருப்பவன். எனக்குத் தெரிந்தது இம்பெல்லரும் பேரிங்கும்தான். அதைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடுவீர்கள். கார் ஷெட்டில் கம்பெனி ஆரம்பித்துக் கோடீசுவரர் ஆனவர்கள் கதையும் உங்களுக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்திருக்கும். அதனால் இன்றைக்கு ஒரு காதல் நாவல் எழுத்தாளரைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

பின் வரிசையில் யாரோ சிரிப்பது கேட்கிறது. சிரிக்கட்டும். காதல் நாவல் என்றாலே நமக்கு ஒரு இளக்காரம் உண்டு. கெமிஸ்ட்ரி ரெக்கார்டுக்குள் மறைத்து வைத்துப் படிப்போம்; படித்து முடித்ததும், "இதெல்லாம் ஒரு கதையா?" என்போம். ஆனால் இந்தப் பெண்மணியின் கதையில் ஒரு இஞ்சினியர் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

அவர் பெயர் அமாண்டா ஹாக்கிங். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் ஆஸ்டின் என்ற சிற்றூர்க்காரர். டெக்ஸஸில் இருக்கும் பெரிய ஆஸ்டின் இல்லை, இது வேறு. 'ஸ்பாம்' என்ற டப்பா இறைச்சிக்குப் பேர்போன ஊர். 1984இல் பிறந்தவர். வசதியில்லாத குடும்பம். சின்ன வயசிலேயே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். மனச்சோர்வு வாட்டிய அந்த வயதில் அவருக்குத் துணையாக இருந்தவை கதைகள். படிப்பார், பிறகு தானே எழுதுவார். ஒரு முழு நாவலை எழுதி முடித்தபோது அவருக்கு வயது 17. பதிப்பாளர்களுக்கு அனுப்பினார். எல்லாம் திரும்பி வந்தன.

பிழைப்புக்கு அவர் பார்த்தது, உடல் ஊனமுற்றோரைக் கவனித்துக்கொள்ளும் வேலை. வருஷத்துக்குச் சுமார் 18,000 டாலர் சம்பளம். அந்த நாட்டு விலைவாசிக்கு அது கைக்கும் வாய்க்குமான வருமானம். பகலில் வேலை, ராத்திரியில் எழுத்து. வேகம் பிடித்துவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு நாவலை முடித்துவிடுவாராம். இப்படி எழுதி எழுதி, 2010ஆம் ஆண்டு பிறந்தபோது அவரிடம் 17 நாவல்கள் கைவசம் இருந்தன. அச்சேறியது ஒன்றுகூட இல்லை.

2010 ஏப்ரல் மாதம் என் வகுப்புத் தோழர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். கடைசி செமஸ்டர். பிராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங் செய்யக் கடை கடையாக அலைந்துகொண்டிருந்தோம். அதே மாதத்தில்தான் அங்கே இந்தப் பெண்ணுக்கு ஒரு ஆசை வந்தது. பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சன் படைத்த 'மப்பெட்' பொம்மைகள் என்றால் அவருக்கு உயிர். அந்த வருஷக் கடைசியில் சிகாகோவில் ஹென்சனைப் பற்றி ஒரு கண்காட்சி நடப்பதாக இருந்தது. போக வர, தங்க 300 டாலர் வேண்டும். கையில் இல்லை. "சும்மா கிடக்கிற நாவலை நாமே விற்றுப் பார்த்தால் என்ன?" என்று நினைத்தார். ஆறு மாதத்தில் 300 டாலர். இலக்கு அவ்வளவுதான். அமேசான் கிண்டிலில் மின்நூலாக ஒரு நாவலை ஏற்றினார். ரத்தக் காட்டேரிகள் வரும் காதல் கதை அது.

முதலில் விற்றவை விரல் விட்டு எண்ணும் அளவில்தான். அவர் அடுத்தடுத்த நூல்களை ஏற்றிக்கொண்டே போனார். இணையத்தில் புத்தக விமரிசனம் எழுதும் வாசகர்களுக்கும் பிரதிகளை அனுப்பிவைத்தார். ஒருவர் சொல்லி இன்னொருவர் வாங்க, விற்பனை நூறாகி, ஆயிரமாகியது. ஆறு மாத முடிவில் சுமார் ஒன்றரை லட்சம் பிரதிகள் விற்றிருந்தன. முந்நூறு டாலருக்கு மேல் இன்னொரு இருபதாயிரம் டாலர் கிடைத்திருந்தது. 2011 ஜனவரியில் மட்டும் அவருடைய 9 நூல்களும் சேர்ந்து நாலரை லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றன.

அவர் கதைகளில் அப்படி என்ன இருக்கிறது? 'ஸ்விட்ச்டு' என்ற நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்டி என்ற சிறுமியை அவளுடைய ஆறாவது பிறந்த நாளன்று அம்மாவே கொல்லப் பார்க்கிறாள். "நீ என் குழந்தையே இல்லை" என்கிறாள். பல வருஷம் கழித்துத் தெரிகிறது, அம்மா சொன்னது நிஜம். தொட்டிலில் மாற்றி வைக்கப்பட்ட வேற்றினத்துக் குழந்தை அவள். அந்த இனத்து இளவரசி. அவளை அழைத்துப் போக வரும் வாலிபனை அவள் காதலிக்கிறாள். அவனோ அந்தஸ்தில் குறைந்தவன். பிறகென்ன, தடை! மாய உலகத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்கிறது, இல்லையா? 'எனக்கு இங்கே இடமில்லை' என்று நினைக்கும் ஒரு பெண்ணின் மனசு அந்தக் கதையில் இருக்கிறது. வாசகர்களைக் கட்டிப்போட்டது அதுதான் என்பது என் எண்ணம்.

இப்போது கொஞ்சம் கணக்கு. இஞ்சினியர் மேடையேறிவிட்டுக் கணக்குச் சொல்லாமல் இறங்கலாமா?

அச்சுப் புத்தகத்தில் எழுத்தாளருக்குக் கிடைப்பது பொதுவாக விலையில் பத்து சதவீதம், அல்லது அதை ஒட்டி. கிண்டிலில் 99 சென்ட் விலை வைத்தால் 35 சதவீதம், அதாவது சுமார் 35 சென்ட். 2010 ஜூன் கடைசியில் அமேசான் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. 2.99 டாலர் முதல் 9.99 டாலர் வரை விலை வைத்தால் எழுத்தாளருக்கு 70 சதவீதம். 2.99 டாலர் நூலுக்கு ஏறக்குறைய 2 டாலர் 9 சென்ட். ஹாக்கிங் என்ன செய்தார்? தொடரின் முதல் நூலுக்கு 99 சென்ட், அடுத்தவற்றுக்கு 2.99. முதல் புத்தகம் வாசகரை உள்ளே அழைக்கும். அடுத்தவை சம்பாதித்துக் கொடுக்கும். ஒரே ஒரு நாவலை வைத்துக்கொண்டிருப்பவரால் இதைச் செய்ய முடியுமா? நூறு பம்புக்கு ஆர்டர் வரும் நாளில் கோடவுனில் சரக்கு இருக்க வேண்டும். அன்றைக்குத்தான் வார்ப்படத்துக்கு மணல் சலிப்பேன் என்றால் ஆர்டர் அடுத்தவனுக்குப் போய்விடும். அவருடைய கோடவுனில் 17 நாவல்கள் இருந்தன.

இதற்கப்புறம் நடந்ததுதான் என்னை மிகவும் யோசிக்கவைத்தது. 2011 மார்ச் மாதம், இதே ஹாக்கிங் செயின்ட் மார்ட்டின்ஸ் பிரஸ் என்ற பெரிய பதிப்பகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். நான்கு நூல்களுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல். "சொந்தக் கடை இவ்வளவு நல்லா ஓடுதே, எதுக்கு இன்னொருத்தர்கிட்ட போகணும்?" என்று பலரும் கேட்டார்கள். அவர் சொன்ன காரணம் எளிமையானது. தானே பதிப்பாளர் என்றால் அட்டைப்படம் தானே, மெய்ப்புப் பார்க்க ஆள் பிடிப்பது தானே, வரும் கடிதங்களுக்கெல்லாம் பதிலும் தானே. காசு கொடுத்து ஆள் வைத்துத் திருத்தியும் வாசகர்கள் பிழைகளைச் சுட்டிக்கொண்டே இருந்தார்கள். எழுதுவதற்கு நேரமில்லை. அவர் ஆசைப்பட்டதோ எழுதுவதற்குத்தான்.

வேடிக்கை என்னவென்றால், அதே மாதம் பாரி ஐஸ்லர் என்ற திகில் நாவலாசிரியர், அதே பதிப்பகம் இரண்டு நூல்களுக்குத் தருவதாகச் சொன்ன 5 லட்சம் டாலரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தானே வெளியிடப்போவதாக அறிவித்தார். ஒருவர் உள்ளே போகிறார், ஒருவர் வெளியே வருகிறார். இதில் யார் செய்தது சரி? என்னைக் கேட்டால் இரண்டு பேரும். எந்த வேலையைத் தன் கையால் செய்ய வேண்டும், எதை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும் என்பதை அவரவரே தீர்மானித்தார்கள். அதுதான் சுதந்திரம். எல்லாவற்றையும் நானே சுமப்பேன் என்பது சுதந்திரமில்லை, முதுகுவலி!

இது எல்லோருக்கும் நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அதே நேரத்தில் நூல் ஏற்றியவர்கள் ஏராளம். பெயர் தெரியாமல் போனவர்களே அதிகம். கிண்டில் 2007 நவம்பரில் வந்தது, ராயல்டி விதி 2010இல் மாறியது. இரண்டிலும் ஹாக்கிங்குக்குப் பங்கில்லை. கதவு என்றைக்குத் திறக்கும் என்பது நம் கையில் இல்லை. திறக்கும்போது கையில் என்ன வைத்திருக்கிறோம் என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

இதை நான் ஏன் இந்த அரங்கத்தில் சொல்கிறேன்? எங்கள் செட்டில் ஒருவன் இருந்தான். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் எழுந்து ஓடிவிடுவான். விடுதியில் ராத்திரி எல்லோரும் தூங்கியபிறகு, ஒர்க்ஷாப் ரெக்கார்டின் பின்பக்கத்தில் காதல் கதை எழுதுவான். அந்த நோட்டு அறை அறையாகப் போகும். "அடுத்த அத்தியாயம் எங்கேடா?" என்று மெஸ்ஸில் வந்து கேட்பார்கள். ஒரு பத்திரிகைக்கு இரண்டு தரம் அனுப்பினான். இரண்டு தரமும் 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்ற துண்டுச்சீட்டு வந்தது. அத்தோடு நோட்டைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டான். இன்றைக்கு நல்ல வேலையில் இருக்கிறான், வீடு கட்டியிருக்கிறான். காலையில் கைகுலுக்கியபோது, "அந்த நோட்டு இருக்காடா?" என்று கேட்டேன். "இருக்கு" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. ஆனால் அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

நண்பா, உன்னிடம்தான் சொல்கிறேன். 2016 டிசம்பரிலிருந்து கிண்டிலில் தமிழ் நூல்களும் வருகின்றன. ஆயிரம் பிரதி அச்சடித்துப் பரணில் அடுக்கிவைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. கேட்டால் கேட்ட பிரதியை மட்டும் அச்சடித்துத் தருகிறார்கள். அமெரிக்க விற்பனையை இங்கே எதிர்பார்க்காதே. உனக்கு முந்நூறு வாசகர் கிடைத்தால் போதும். அதில் நாற்பது பேர் இந்த அரங்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம். அந்தக் கடைசி அத்தியாயம் எங்களுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

தம்பி தங்கைகளே, உங்களில் யாராவது ராத்திரியில் கதை எழுதலாம், படம் வரையலாம், ஏதாவது ஒரு சர்க்யூட்டை நோண்டிக்கொண்டிருக்கலாம். "இது எதுக்கு உதவும்?" என்று கேட்பார்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை. பரீட்சைக்குப் படியுங்கள், வேலைக்குப் போங்கள். ஹாக்கிங்கும் வேலைக்குப் போனவர்தான். ஆனால் அந்த ராத்திரி வேலையை நிறுத்திவிடாதீர்கள். தொடங்கியதை முடியுங்கள். ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தொடங்குங்கள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பந்தியும் தயார் போலிருக்கிறது.