கண்ணுக்குள் ஒளிந்திருக்கும் கட்டி



2005ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17ஆந் திகதி, நியூயோர்க் நகரத்துப் படமாளிகையொன்றில் ஒலிவர் சாக்ஸ் என்னும் நரம்பியல் வைத்தியர் அமர்ந்திருந்தார். மூளையின் விந்தைகளை எழுதி உலகப் புகழ் பெற்றவர் அவர். படம் தொடங்குமுன்னரே இடப்புறத்தில் ஏதோ ஒளி துடிப்பதாக அவருக்குத் தோன்றிற்று. ஒற்றைத் தலைவலி அவருக்கு நெடுங்காலத் துணை. அதைப்பற்றித் தனிநூலே எழுதியவர். ஆகவே இதுவும் அதன் முன்னறிகுறியே என எண்ணினார். ஆயினும் கண்களை மாறி மாறி மூடிப் பார்த்தபோது, துடிப்பு வலக்கண்ணில் மாத்திரமே உண்டென்பது புலனாயிற்று. மூளையிலே பிறக்கும் தோற்றமாயின் இரு கண்களிலும் அன்றோ தெரிதல் வேண்டும்? கோளாறு விழிக்குள்ளேதான் என்பதை உணர்ந்தார். அங்கே இருந்தது மெலனோமா என்னும் புற்றுநோய்க் கட்டி.

மெலனோமா தோலில் வருவதைப் பலர் அறிவர். தோலுக்குக் கருமை தரும் நிறக்கலங்கள் கண்ணினுள்ளும் உள. கதிராளியிலும், அதன் பின்னுள்ள பிசிருடலிலும், விழித்திரைக்கு அடியில் விரிந்திருக்கும் தோலுரு என்னும் படையிலும் அவை உறைகின்றன. கட்டிகளிற் பத்தில் ஒன்பது தோலுருவிலேயே தோன்றுகின்றன. மேலைநாடுகளில் ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பேரில் ஐந்தாறு பேரையே இந்நோய் பற்றுகிறது.

வெளிறிய தோலும் நீல விழியும் உடையோர்க்கே இதனால் ஆபத்து மிகுதி. கருநிறத்தார்க்கு மிக அரிது. வெயில்மேற் பழி சுமத்துதல் எளிது; ஆனால் தோல் நோய்க்கு உள்ளதுபோன்ற தெளிவான சான்று கண்ணுக்கு இல்லை. தோலுருவில் மச்சம் உடையோர் பலர்; அவற்றுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. எனினும் தடித்து வளரும் மச்சத்தைக் கண்காணித்தல் வேண்டும். சில குடும்பங்களில் மரபணுக் குறையொன்றும் தலைமுறையாகத் தொடர்கிறது. மற்றொன்று, வெண்விழியிலும் அதைச் சூழ்ந்த தோலிலும் காணப்படும் கருநீலப் படர்வு. ஒட்டா என்னும் யப்பானிய வைத்தியர் 1939இல் விவரித்த இவ்வடையாளம் ஆசிய மக்களிடையே கூடுதலாகக் காணப்படுவது. கண்ணில் இப்படர்வுள்ள வெள்ளையரில் ஏறத்தாழ நானூறு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாகின்றனர். அழகுக் குறையென்று மாத்திரம் அதனைக் கருதுவது தவறு; ஆண்டுதோறும் கண்மணியை மருந்தால் விரித்து உட்புறத்தைச் சோதிப்பித்தல் நன்று.

இந்நோயின் வஞ்சகம் யாதெனில், பெரும்பாலும் வலியின்றி வருவதே. நோயாளருட் பலர் ஒரு குறையும் உணராது, மூக்குக்கண்ணாடி மாற்றச் சென்ற இடத்தில் கண்டுபிடிக்கப்படுகின்றனர். சிலவேளை வேடம் பூண்டும் வருகிறது. வெண்விழியின் ஓரிடத்தில் மாத்திரம் தடித்துச் சிவந்த குருதிக்குழாயைச் சாதாரண கண்சிவப்பென எண்ணி மாதக்கணக்கில் துளிமருந்து இடுவோர் உளர். அதன் அடியிலே பிசிருடற் கட்டி மறைந்திருத்தல் கூடும். ஒரு கண்ணில் மாத்திரம் வில்லையின் ஒரு பகுதி மங்கினால், முதுமைப் புரையென்று அமைந்துவிடலாகாது. ஒரு கண்ணில் மாத்திரம் அழுத்தம் உயர்வதும், கண்மணி வட்டங் குலைவதும் அத்தகையனவே. மிக அரிதாக, கட்டி உள்ளே அழுகி, கண்ணும் இமையும் வீங்கி, கிருமித் தொற்றையே ஒத்த கோலம் காட்டும். உட்புறம் தெரியாதபோது கேளா ஒலியலைச் சோதனையே வழிகாட்டும்.

முன்னர் கண்ணையே அகற்றினர். நடுத்தர அளவுக் கட்டிக்குக் கதிர்வீசும் சிறு தகட்டைக் கண்மேல் தைத்து வைத்தாலும் ஆயுள் குறைவதில்லையென அமெரிக்க ஆய்வொன்று 2001இல் காட்டிற்று. சாக்ஸும் அவ்வழியே சிகிச்சை பெற்றார். ஆயினும் அக்கண்ணின் பார்வை ஈற்றில் அற்றுப்போயிற்று. நோயாளரிற் பாதிப்பேர் அளவில், பல ஆண்டுகள் கழிந்தேனும், நோய் உடலிற் பரவுகிறது. அதுவும் பெரும்பாலும் ஈரலுக்கே. ஒன்பது ஆண்டுகளின் பின் சாக்ஸுக்கும் அதுவே நேர்ந்தது. 2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆந் திகதி, எண்பத்திரண்டாம் வயதில் அவர் காலமானார். இவ்வாறு பரவிய நோய்க்கென 2022இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட தெபென்ரபஸ்ப் என்னும் மருந்து, குறித்த ஓர் இழைய வகை உடையோர்க்கு மாத்திரம் ஆயுளைச் சிறிது நீட்டுகிறது.