கல்யாணப் படத்துக்கு எந்த இடம்?

கல்யாணத்துக்கு முன்பே பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்வது இப்போது ஊரெங்கும் வழக்கமாகிவிட்டது. அதற்கு இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். மாமல்லபுரத்தில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. விடிந்த ஒரு மணி நேரத்துக்கு வெயில் சாய்வாக, பொன்னிறமாக விழும். முகத்தில் மணல்துகள் ஒட்டியிருந்தால்கூடத் தெரியும். உச்சிவெயிலிலோ கண்ணுக்குக் கீழே கருநிழல்தான் மிஞ்சும்.

அடுத்தது அனுமதி. தொல்லியல் துறை பராமரிக்கும் சின்னங்களில் முக்காலி வைக்க முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். ரயில் தண்டவாளம் மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே அத்துமீறி நுழைவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. வழுக்கும் அருவிப் பாறைகளும் அப்படித்தான்.

தூரம் போகத்தான் வேண்டுமா? செட்டிநாட்டுப் பெண்ணுக்குத் தாத்தா வீட்டு முற்றமே போதும். மேலிருந்து இறங்கும் வெளிச்சம், காலடியில் ஆத்தங்குடிக் கல், திண்ணையில் அப்பத்தா. அந்த முதியவரையும் ஒரு படத்தில் உட்கார வையுங்கள். பேரப்பிள்ளைகள் பிற்காலத்தில் முதலில் தேடப்போவது அதைத்தான்.