பட்டமும் தொட்டிலும்

மாணவ மாணவியரே,

பட்டமளிப்பு விழாவைப் பற்றிப் பேசுவோர் பலர். அதற்கு மறுநாளைப் பற்றிப் பேசுவோர் சிலரே. கறுப்பு அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சான்றிதழை உறையிலிட்டுக்கொண்டு வீடு திரும்பிய ஒருவர், மறுநாள் காலையில் எந்தக் கதவைத் தட்டுவது என்று சிந்திக்கத் தொடங்குகிறாரே, அந்த நாளைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அவ்வாறு சிந்திப்பவர் ஒரு குழந்தைக்குத் தாயாகவும் இருந்துவிட்டால் அவருடைய நிலை யாது என்பதே என் பேச்சின் பொருள்.

உங்களுள் பெரும்பாலோர் பள்ளியிலிருந்து கல்லூரிக்கும், கல்லூரியிலிருந்து உத்தியோகத்துக்கும் நேர்வழியில் செல்வீர்கள். ஆயினும் எல்லாருக்கும் வழி நேராக அமைவதில்லை. இளமையில் மணமாகி, குழந்தை பிறந்து, அந்தக் குழந்தை தவழ்ந்து நடக்கத் தொடங்கிய பிறகு புத்தகத்தை மீண்டும் கையில் எடுத்தவர்கள் நம் நாட்டில் எத்தனையோ பேர் உளர். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979ஆம் ஆண்டில் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. அடுப்படியிலிருந்து தேர்வு மண்டபத்துக்குப் பாதை ஒன்று உண்டாயிற்று. தேர்வு மண்டபத்திலிருந்து அலுவலகத்துக்குச் செல்லும் பாதையோ இன்னும் கல்லும் முள்ளுமாகவே கிடக்கிறது.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. அந்தப் பாதையில் முள் போட்டவர்களுள் நானும் ஒருவன். அந்த வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காவிரிக் கரைச் சிற்றூர் ஒன்றில், அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். 2004ஆம் ஆண்டில் கணித ஆசிரியர் பதவி ஒன்று காலியாயிற்று. நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்களுள் 33 வயது அம்மையார் ஒருவரும் இருந்தார். இரண்டு குழந்தைகளின் தாய். அஞ்சல்வழியில் பி.எஸ்ஸி. முடித்து, பிறகு கல்லூரிக்குச் சென்று பி.எட். பட்டம் பெற்றவர். அதுதான் அவர் நாடி வந்த முதல் உத்தியோகம்.

மாதிரிப் பாடம் ஒன்று நடத்தும்படி ஒவ்வொருவரையும் கேட்டோம். பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கினால் விடை ஏன் சிறியதாகிவிடுகிறது என்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எப்போதும் விளங்காத புதிர். பெருக்கினால் பெருகத்தானே வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்த அம்மையார் தம் பையிலிருந்து இரண்டு அளவைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று உழக்கு, மற்றொன்று ஆழாக்கு. "உழக்கு என்பது படியில் கால். அந்தக் காலில் பாதியை எடுங்கள்" என்றார். ஒரு மாணவன் உழக்கு அரிசியை ஆழாக்கில் கொட்டினான். ஆழாக்கு நிரம்பியது, உழக்கில் பாதி எஞ்சியது. "காலில் அரை, அரைக்கால். அதாவது எட்டில் ஒன்று. நம் பாட்டிமார் இதைத்தான் நாள்தோறும் அளந்தார்கள்" என்று கூறிக் கரும்பலகையில் கணக்கை எழுதினார். வகுப்பு முழுவதும் புரிந்துகொண்டது. அன்று மாதிரிப் பாடத்துக்கு நான் அவருக்கு அளித்த மதிப்பெண்ணே எல்லாரினும் மிகுதி.

பின்னர் நேர்முகத் தேர்வு. நான் கேட்டேன்: "அம்மா, நீங்கள் பள்ளிக்கு வந்துவிட்டால் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

"என் மாமியார் இருக்கிறார், ஐயா."

"அவர்களுக்கு உடம்பு சரியில்லாமற் போனால்?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. "ஏதாவது ஏற்பாடு செய்துகொள்வேன், ஐயா" என்றார். அந்தச் சற்று நேரத்தை நாங்கள் தயக்கம் என்று எழுதிக்கொண்டோம். அனுபவமும் இல்லை, குடும்பப் பொறுப்பும் உண்டு என்று கூறி, 27 வயது இளைஞர் ஒருவரைத் தெரிவு செய்தோம். அவரும் நல்ல ஆசிரியரே, குறை சொல்வதற்கில்லை. பணியில் சேர்ந்த அன்று அவர் நிரப்பிக் கொடுத்த குடும்ப விவரப் படிவத்தைப் பார்த்தபோதுதான் அவருக்கும் ஆறு மாதக் குழந்தை ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்தது. அந்தக் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நாங்கள் அவரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுள் ஒருவருக்கும் தோன்றவுமில்லை. படிவத்தில் கையொப்பமிட்டுக் கோப்பில் வைத்தேன். அத்துடன் அதை மறந்தும் போனேன்.

ஆண்டுகள் கழிந்தன. என் மகளுக்கு இளங்கலைப் படிப்பு முடிந்தவுடன் மணம் செய்து வைத்தோம். பெண் குழந்தை ஒன்று பிறந்தது. குழந்தைக்கு மூன்று வயதானபோது அவள் புள்ளியியலில் முதுகலைப் படிப்பில் சேர்ந்தாள். பகலில் கல்லூரி, இரவில் குழந்தையை உறங்க வைத்த பிறகு விளக்கடியில் பாடம். 2018இல் பட்டம் பெற்றாள், முதல் வகுப்பு. வீட்டில் அனைவருக்கும் பெருமை. இனி வேலை தானாக வந்துவிடும் என்று நானும் எண்ணினேன்.

வரவில்லை. பதினான்கு மாதங்களில் 41 விண்ணப்பங்கள் அனுப்பினாள். அவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசை எண் இட்டுக் குறித்து வைத்தாள். ஆறு இடங்களிலிருந்து மட்டுமே அழைப்பு வந்தது. மலைக்கோட்டை விரைவு வண்டியில் இரவு முழுவதும் பயணம் செய்து, சென்னையில் காலை முதல் மாலை வரை காத்திருந்து, மறுபடியும் இரவு வண்டி ஏறித் திருச்சிக்குத் திரும்புவாள். ஓரிடத்தில் முன்னனுபவம் கேட்டார்கள். ஓரிடத்தில், இளங்கலைக்கும் முதுகலைக்கும் இடையே இத்தனை ஆண்டுகள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஒரு குழந்தையை வளர்த்தேன் என்று அவள் சொன்ன விடை அவர்கள் காதில் 'ஒன்றும் செய்யவில்லை' என்று விழுந்திருக்கிறது.

ஆறாம் முறை திரும்பி வந்தபோது குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. என் மகள் பையைக்கூடக் கீழே வைக்காமல் திண்ணையில் அமர்ந்தாள்.

"அப்பா, புள்ளியியலில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் வேலைக்கு வந்தால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார்கள். அம்மா இருக்கிறார்கள் என்றேன். அவர்களுக்கு உடம்பு சரியில்லாமற் போனால் என்று கேட்டார்கள்" என்றாள்.

என் வாக்கியம்! பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் பேசிய அதே வாக்கியம், சொல் மாறாமல் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. அன்றிரவு அந்தக் கணித அம்மையாரின் கதையை என் மகளிடம் சொன்னேன். அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நெடுநேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்த அம்மாளுக்கு அப்புறம் எங்கே வேலை கிடைத்தது, அப்பா?"

எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவே இல்லை.

மாணவ மாணவியரே, இது ஒரு வீட்டுத் துயரம் மட்டுமன்று. இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அதை அவிழ்த்துப் பார்ப்போம். வேலை பெற அனுபவம் வேண்டும். அனுபவம் பெற வேலை வேண்டும். இந்த இக்கட்டு எல்லாப் பட்டதாரிகளுக்கும் பொது. தாயானவளுக்கோ மத்தளத்தைப்போல் இரு பக்கமும் இடி. குழந்தையைப் பற்றிச் சொன்னால் வேலையில் கருத்து இராது என்பார்கள். சொல்லாமல் மறைத்தால் இடையில் கழிந்த ஆண்டுகளுக்குக் கணக்குக் கேட்பார்கள்.

சட்டம் துணை செய்யாதா என்று நீங்கள் கேட்கலாம். செய்கிறது, ஆனால் கதவுக்கு உள்ளே நிற்பவர்களுக்கே பெரிதும் செய்கிறது. 1961ஆம் ஆண்டின் பேறுகாலச் சலுகைச் சட்டம், பேற்றுக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாள் பணிசெய்தவருக்குப் பயன்பட்டது. 2017இல் அது திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு 26 வாரங்களாக உயர்ந்தது. 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. நல்ல சட்டமே. ஆயினும் குழந்தையை முன்னரே பெற்று வளர்த்துவிட்டு, முதன்முதலாக வாயிற்படியில் வந்து நிற்பவளை உள்ளே அழைக்க அதில் இடமிருக்கவில்லை. அந்த விடுப்புக் காலத்து ஊதியத்தை முதலாளியே ஏற்க வேண்டியிருப்பதால், பெண்ணை வேலைக்கு வைக்கவே தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

அரசுப் பணியில் வழி சற்று அகலம். 1989ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தன் நேரடி நியமனங்களில் 30 விழுக்காட்டைப் பெண்களுக்கு ஒதுக்கியது. ஆசிரியர் தகுதித் தேர்வு நம் மாநிலத்தில் 2012இல் முதன்முறையாக நடைபெற்றது. தொடக்கத்தில் அதன் சான்றிதழ் ஏழு ஆண்டுகளே செல்லும் என்றிருந்தது. 2021இல் அது வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று அறிவித்தார்கள். குழந்தை வளர்ப்பில் சில ஆண்டுகள் கழிந்த தாய்க்கு இது எத்தனை பெரிய ஆறுதல் என்பது தேர்வு எழுதியவர்களுக்கே தெரியும்.

இனி, ஒரு பெருமாட்டியின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறேன். ஏ. லலிதா என்பது அவர் பெயர். 1919ஆம் ஆண்டு சென்னையில் தெலுங்குக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 15 வயதில் மணம். 1937இல், பெண் குழந்தைக்கு நான்கு மாதமே ஆகியிருந்தபோது, கணவர் மறைந்தார். பதினெட்டு வயதுக் கைம்பெண், கையில் குழந்தை. அக்காலத்தில் அத்தகையவருக்கு ஊரார் விதித்த வாழ்வு எத்தகையது என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அவரோ படிக்க முடிவு செய்தார். மருத்துவம் படிக்கலாமா என்று எண்ணினார். இரவு பகல் பாராது குழந்தையைப் பிரிந்து செல்ல நேருமே என்று அதை விட்டார். அவருடைய தந்தையார் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின் பொறியியற் பேராசிரியர். ஆடவர் மட்டுமே பயின்ற அந்தக் கல்லூரியில் லலிதா சேர்ந்து, 1943இல் பட்டம் பெற்றார். சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பாற் சொல்லை மையினால் அடித்துப் பெண்பாற் சொல்லை எழுதிக் கொடுத்தார்கள்!

பட்டம் வந்தது, வேலை? ஜமால்பூர் ரயில்வே தொழிற்சாலையில் பயிற்சி பெற்ற பிறகு, அவர் தேர்ந்துகொண்ட முதல் உத்தியோகம் சிம்லாவில் அமைந்தது. ஏன் சிம்லா? அங்கே அவருடைய சகோதரர் குடும்பம் இருந்தது. குழந்தை உறவினரிடையே வளர முடிந்தது. பின்னர் 1948இல் கல்கத்தாவில் பெரிய மின் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, பக்ரா நங்கல் அணைக்கான மின் பணிகளிலும் பங்கு கொண்டார். 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியியலாளர், அறிவியலாளரின் முதல் அனைத்துலக மாநாட்டில் கலந்துகொண்டார்.

இந்த வரலாற்றைக் கேட்டு, 'ஆற்றல் இருந்தால் எதையும் வெல்லலாம்' என்று மட்டும் நீங்கள் எழுதிக்கொண்டால் பாதிப் பாடத்தையே படித்தவர்கள் ஆவீர்கள். ஆற்றல் அவருடையது, ஆனால் கல்லூரிக் கதவைத் திறக்க இசைந்த முதல்வர் ஒருவர் இருந்தார். குழந்தையை ஏந்திக்கொள்ளச் சுற்றம் இருந்தது. 'உன் குழந்தை எங்கே' என்று கேட்டு அனுப்பிவிடாத ஓர் அலுவலகமும் இருந்தது. இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தப் பட்டம் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும். திறமை இருந்தும் இந்தத் துணைகள் வாய்க்காமையால் பெட்டிக்குள் கிடக்கும் பட்டங்கள் எத்தனை!

உங்களுக்கு மூன்று செய்திகள் சொல்லி முடிக்கிறேன்.

வேலை தேடும் தாய்மார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்கு ஒன்று. குழந்தை வளர்த்த ஆண்டுகளை மறைக்காதீர்கள். அவற்றுக்காக மன்னிப்பும் கேட்காதீர்கள். படிக்கும்போதே சில மாதங்கள் ஏதேனும் ஓரிடத்தில், சிறிய அளவிலாயினும், தொழிலோடு தொடர்புடைய பணியைச் செய்து சான்று பெற்று வையுங்கள். அனுபவம் உண்டா என்னும் கேள்விக்கு அது விடையாகும்.

வீட்டிலிருந்து கேட்கும் மாணவர்களுக்கு ஒன்று. உங்கள் தாயோ, அக்காவோ, அண்ணியோ இரவில் படித்துக்கொண்டிருக்கலாம். அவர் தேர்வுக்கோ நேர்முகத் தேர்வுக்கோ செல்லும் நாளில் குழந்தையை வைத்துக்கொள்ளுங்கள், சோறு வடியுங்கள். இதை ஆண்பிள்ளைகளுக்கே முதலில் சொல்கிறேன்.

நாளை மேசைக்கு மறுபுறம் அமரப் போகிறவர்களுக்கு ஒன்று. இன்று விண்ணப்பம் எழுதும் நீங்கள் இருபது ஆண்டுகளில் விண்ணப்பங்களைப் படிப்பவர்கள் ஆவீர்கள். குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்க வேண்டுமானால் ஆண், பெண் இருபாலாரையும் கேளுங்கள். இல்லையேல் ஒருவரையும் கேளாதீர்கள். அலுவல் நேரம் இது, பணி இது என்று தெளிவாகச் சொல்லுங்கள். தம்மால் இயலுமா என்பதை வந்தவரே சொல்வார்.

என் மகளுக்கு நாற்பத்திரண்டாம் விண்ணப்பத்தில் தற்காலிகப் பணி ஒன்று கிடைத்தது. ஊதியம் சிறிது, அனுபவச் சான்று உண்டு. அதைக் கொண்டு அடுத்த கதவைத் தட்டினாள். இப்போது அவளே அலுவலகத்தில் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருக்கிறாள்.

அவள் கேட்ட கேள்விக்கு மட்டும் இன்றுவரை என்னிடம் விடையில்லை. உழக்கும் ஆழாக்குமாக வந்த அந்த அம்மையார் எங்கேனும் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவருக்கு ஒரு சொல்: அம்மா, அன்று நான் கேட்ட கேள்வி தவறானது. உங்கள் பாடம் சரியாகவே இருந்தது.