ரெண்டு பாலெட் சரக்கு, கடல் தாண்டுறதுக்கு முன்னாடி



கும்மிடிப்பூண்டி பக்கம் சிறுதொழில் நடத்துறவங்க கொஞ்சப் பேர் முன்னாடி பேசினதை, இந்த இதழுக்காக எழுத்தாக்கித் தர்றேன். எதிர்ல நீங்க உட்கார்ந்திருக்கிறதா நினைச்சுக்கிட்டே எழுதுறேன். அதனால பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் கலந்துதான் வரும், பொறுத்துக்கோங்க.

கவரைப்பேட்டை பக்கம் ஜி.என்.டி. ரோட்டில பத்து நிமிஷம் நின்னு பாருங்க. எத்தனை கண்டெய்னர் லாரி போகுதுன்னு எண்ணி முடிக்க முடியாது. சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னருக்கென்றே தனி முனையம் 1983-ல் வந்தது. எண்ணூர் துறைமுகம், இப்போது காமராசர் துறைமுகம், 2001-ல் செயல்படத் தொடங்கியது. காட்டுப்பள்ளி 2013-ல். இவ்வளவு பக்கத்துல மூணு துறைமுகத்தை வெச்சுக்கிட்டு, காக்களூர் சிட்கோவிலயும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலயும் சின்ன பட்டறை நடத்துறவங்ககிட்ட "ஏற்றுமதி பண்றீங்களா?"ன்னு கேட்டா, "அதெல்லாம் கண்டெய்னர் கணக்குல சரக்கு இருக்கிறவங்களுக்குங்க"ன்னுதான் பதில் வருது.

ஒரு கண்டெய்னரை நீங்க மட்டுமே நிரப்பணும்னு யாரும் சொல்லலை. இருபது அடிப் பெட்டிக்குள்ள சுமார் 33 கன மீட்டர் இடம். நடைமுறையில் 25 முதல் 28 கன மீட்டர் வரைதான் அடுக்க முடியும். உங்ககிட்ட 2 கன மீட்டர் சரக்குதான் இருக்குன்னா, அந்த 2-க்கு மட்டும் காசு கட்டி, இன்னும் பத்துப் பேர் சரக்கோட சேர்த்து அனுப்பலாம். தனி ஆட்டோவுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் உள்ள வித்தியாசம்தான். தொழில்ல இதுக்குப் பேர் எல்.சி.எல். பெட்டியை எடுத்து, ஆள் சேர்த்து, இடத்தைப் பிரிச்சு விக்கிறவர் கன்சாலிடேட்டர். மணலி, மாதவரம், மீஞ்சூர் பக்கம் நீங்க பார்க்கிற சி.எஃப்.எஸ்.னு போர்டு போட்ட பெரிய கிடங்குகள்லதான் இந்தச் சேர்ப்பு வேலை நடக்குது. சரக்கை அங்க இறக்குவீங்க, சுங்கத்துறை பார்த்து அனுமதி கொடுக்கும், பெட்டிக்குள்ள ஏத்திப் பூட்டி துறைமுகத்துக்குக் கொண்டுபோவாங்க.

நம்ம மாவட்டத்துக்கு இது புதுசும் இல்லை. பழவேற்காட்டுல டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டினதே இங்க நெய்த துணியைக் கிழக்கே அனுப்பத்தான். மலேசியாவில இன்னைக்கும் கட்டம்போட்ட லுங்கிக்குப் பேர் 'கைன் பெலிக்காட்'. அந்தப் பெலிக்காட் நம்ம பழவேற்காடுதான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க மாமா காக்களூர்ல ரப்பர் கேஸ்கெட், வாஷர் செய்ற சின்ன யூனிட் வெச்சிருக்கார். எட்டுப் பேர் வேலை பார்க்கிறாங்க. இங்கிலாந்துல உதிரிப்பாகம் விக்கிற ஒருத்தர்கிட்டேர்ந்து முதல் ஆர்டர் வந்தது. ரெண்டு பாலெட். மாமா நாலு இடத்துல விலை கேட்டார். மூணு பேர் கிட்டத்தட்ட ஒரே விலை சொன்னாங்க. நாலாவது ஆள் சொன்ன கடல் கட்டணம், காக்களூர்லேர்ந்து மணலிக்குப் போற லாரி வாடகையைவிடக் குறைவு. மாமா சந்தோஷமா அவர்கிட்டயே கொடுத்தார். சி.ஐ.எஃப். விலை, அதாவது சரக்கு, காப்பீடு, ஃபெலிக்ஸ்டோ துறைமுகம் வரைக்குமான கப்பல் வாடகை எல்லாம் சேர்த்துப் போட்டு பில் அனுப்பினார்.

சரக்கு நல்லபடியா போய்ச் சேர்ந்தது. ஒரு வாரம் கழிச்சு மாமா என்னைக் கூப்பிட்டார். "நீதானம்மா பத்திரிகைப் படிப்பு படிச்சவ, இந்த மெயிலைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

படிச்சேன். அந்த ஊர் ஏஜென்ட் பெட்டியைப் பிரிக்க, கிடங்குல இறக்க, ஆவணத்துக்கு, டெலிவரி ஆர்டருக்குன்னு தனித்தனியா ஒரு பில் போட்டிருக்கார். கூட்டினா சரக்கு மதிப்பில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. வாங்கினவர் திட்டலை. சரக்கு நல்லா இருக்கு, ஆனா இந்தச் செலவோட எனக்குக் கட்டுப்படியாகாதுன்னு மரியாதையா எழுதியிருந்தார்.

"நான்தான் கப்பல் வாடகையைக் கட்டிட்டேனேம்மா, அவர் எதுக்குக் கட்டணும்?"னு மாமா கேட்டார். எனக்கும் அப்போ தெரியலை. விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இப்போ சொல்றேன்.

பகிர்வுப் பெட்டித் தொழில்ல போட்டி அதிகம். விலை கேட்கிறவர் நீங்க, அதனால உங்க கண்ணுக்குத் தெரியற கடல் கட்டணத்தை ரொம்பக் குறைச்சுக் காட்டுவாங்க. சில தடத்துல பூஜ்யத்துக்கே இறங்கும், அதுக்கும் கீழ போய் உங்களுக்கே கழிவு தர்றவங்களும் உண்டு. அந்த நஷ்டத்தை எங்க ஈடுகட்டுவாங்க? போய்ச் சேர்ற ஊர்ல இருக்கிற அவங்க ஏஜென்ட் மூலமா, வாங்குறவர்கிட்ட. அவருக்கு வேற வழி கிடையாது. சரக்கு அந்த ஏஜென்ட் கையில இருக்கு, காசு கட்டினாத்தான் டெலிவரி ஆர்டர். பேரம் பேச அவர் கையில எதுவும் இல்லை. எல்லாருமே இப்படின்னு சொல்ல மாட்டேன், நேர்மையா ரெண்டு பக்கச் செலவையும் முன்கூட்டியே சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா ரொம்ப மலிவான விலையைப் பார்த்தா, மீதியை யார் கட்டப்போறாங்கன்னு யோசிங்க.

அதனால விலை கேட்கும்போதே இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேளுங்க: "சரக்கு இறங்குற ஊர்ல, வாங்குறவர் என்னென்ன கட்டணும்? கன மீட்டருக்கு எவ்வளவு, ஒரு பில் ஆஃப் லேடிங்குக்கு எவ்வளவு? எழுத்துல கொடுங்க." மூணு பேர்கிட்ட வாங்கி, ரெண்டு பக்கத்தையும் கூட்டி ஒப்பிட்டுப் பாருங்க. இங்க குறைவா இருந்தது மொத்தத்துல அதிகமா இருக்கும், பெரும்பாலும். "அது அந்தப் பக்கத்து விஷயம் சார், எங்களுக்குத் தெரியாது"ன்னு ஒருத்தர் சொன்னா, அடுத்தவர்கிட்ட போங்க.

விலை வார்த்தையையும் கவனமாப் போடணும். சி.ஐ.எஃப்., எஃப்.ஓ.பி. இதெல்லாம் பன்னாட்டு வணிகச் சபை வகுத்த இன்கோடெர்ம்ஸ் சொற்கள். இப்போ நடைமுறையில் இருப்பது 2020 பதிப்பு. நம்ம ஊர்ல பழக்கத்தினால எல்லாத்துக்கும் எஃப்.ஓ.பி. போடுறோம். ஆனா நீங்க சரக்கை ஒப்படைக்கிறது கப்பல்ல இல்லை, மணலியில ஒரு கிடங்குல. அங்கேர்ந்து கப்பல் ஏறும்வரை எதாவது ஆனா எஃப்.ஓ.பி. கணக்குப்படி பொறுப்பு உங்களுடையது. கண்டெய்னர் சரக்குக்கு எஃப்.சி.ஏ. பொருத்தம்: கிடங்குல ஒப்படைச்சதோட உங்க பொறுப்பு முடியும், கன்சாலிடேட்டரை வாங்குறவரே தேர்ந்தெடுப்பார், அவர் ஊர்ச் செலவை அவரே பேசி முடிச்சிருப்பார். முதல் ஆர்டருக்கு இது நிம்மதி. வீட்டு வாசல் வரை நானே கொண்டுவந்து தர்றேன்னு சொல்ல தைரியம் இருந்தா டி.ஏ.பி. போடலாம். அப்போ சரக்கை இறக்குறதும், இறக்குமதி அனுமதியும் வரியும்தான் அவருக்கு. ஆனா அந்த ஊர்ச் செலவு எழுத்துல கையில இல்லாம டி.ஏ.பி. போடவே போடாதீங்க.

அடுத்தது அளவு. இங்கதான் கும்மிடிப்பூண்டிக்காரருக்கும் காக்களூர்க்காரருக்கும் கணக்கு மாறும். கட்டணம் கன மீட்டருக்கோ டன்னுக்கோ, எது அதிகமோ அதுக்கு. ஒரு கன மீட்டரும் ஒரு டன்னும் சமம்னு வெச்சுக்குவாங்க. வார்ப்பு இரும்புச் சாமான் ஆறு மரப்பெட்டி, ஒவ்வொண்ணும் 80-க்கு 60-க்கு 50 சென்டிமீட்டர், 400 கிலோ. மொத்தம் 1.44 கன மீட்டர்தான், ஆனா எடை 2.4 டன். கட்டணம் 2.4-க்கு. பிளாஸ்டிக் டப்பா இருபது அட்டைப்பெட்டி, 60-க்கு 50-க்கு 40, ஒவ்வொண்ணும் 12 கிலோ. எடை கால் டன்கூட இல்லை, கன அளவு 2.4. அதுக்கும் அதே கட்டணம். கிடங்குல அளக்கிறது பாலெட்டோட சேர்த்து, வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற முனை வரைக்கும். மாமா அட்டைப்பெட்டியை மட்டும் அளந்து 2 கன மீட்டர்னு சொல்லியிருந்தார், கிடங்குல 2.6 ஆச்சு.

ஒரு கன மீட்டருக்குக் கீழே இருந்தாலும் பெரும்பாலும் ஒரு கன மீட்டருக்கான காசு வாங்குவாங்க. அவ்வளவு சின்ன சரக்குன்னா விமானத்தையும், தபால்துறையோட டாக் கர் நிர்யாத் கேந்திராவையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. மாறாக, 12, 15 கன மீட்டரைத் தொட்டா, முழு இருபது அடிப் பெட்டி என்ன விலைன்னு கேளுங்க. பாதிப் பெட்டி காலியாவே போனாலும் சில சமயம் அது மலிவா முடியும், அடுத்தவர் சரக்கோட உரசலும் இல்லை.

உரசல்னு சொன்னேன் இல்லையா. உங்க பெட்டி மேல யாரோட பெட்டி ஏறும்னு உங்களுக்குத் தெரியாது. பக்கத்துல மசாலா மூட்டை இருந்தா உங்க துணிக்கு வாசனை ஏறும். கடல்ல சூடும் குளிரும் மாறி மாறி வர்றதால பெட்டிக்குள்ள கூரையில வேர்த்துச் சொட்டும், இரும்புச் சாமான் துருப்பிடிக்கும். துருத் தடுப்புத் தாள், ஈரம் உறிஞ்சும் பை, மேல பிளாஸ்டிக் உறை, இந்தச் செலவுல கை வைக்காதீங்க. மரப் பாலெட்னா ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்கணும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிஷம் சூடுபடுத்தப்பட்டது, இல்லேன்னா புகையூட்டப்பட்டது என்பதற்கான சான்று அது. கதிர் மாதிரி ஒரு சின்னம் குத்தியிருக்கும். தெருமுனையில வாங்கின பழைய பாலெட்ல அனுப்பி, அந்த நாட்டுத் துறைமுகத்துல நிறுத்திட்டா, உங்களோட சேர்ந்து பெட்டியில வந்த எல்லார் சரக்கும் தாமதமாகலாம்.

பேப்பர் விஷயம் வேற மாதிரி. இங்க உங்க ஷிப்பிங் பில்லுல தப்பு இருந்து ஏற்றுமதி அனுமதி வரலேன்னா, பெட்டி உங்களுக்காகக் காத்திருக்காது. உங்களை விட்டுட்டு அந்த வாரக் கப்பலுக்குப் போயிடும். அதனால சரக்கு தயாராகிறதுக்கு முன்னாடியே ஐ.இ.சி. எண் எடுத்து வைங்க. டி.ஜி.எஃப்.டி. இணையதளத்துல 500 ரூபாய்க் கட்டணம், நீங்களே விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே வெச்சிருக்கிறவங்க ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள்ள அதைப் புதுப்பிச்சு உறுதி செய்யணும். எதுவும் மாறலேன்னாலும் செய்யணும், இல்லேன்னா எண் முடங்கிடும். வங்கியின் ஏ.டி. கோடை சுங்கத்துறை இணையதளத்துல பதியணும். ஜி.எஸ்.டி. கட்டாம ஏற்றுமதி செய்ய எல்.யு.டி. உறுதிமொழி, அது ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதுசா. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியலேன்னா காக்களூர் சிட்கோ வளாகத்துல மாவட்டத் தொழில் மையம் இருக்கு, அங்க போய்க் கேளுங்க.

கடைசியா காப்பீடு. மூணு லட்ச ரூபாய் சரக்குக்குப் போய் இன்சூரன்ஸான்னு நினைப்போம். 2021 மார்ச்ல எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாய்ல குறுக்கே மாட்டினது ஞாபகம் இருக்கும். அந்தக் கப்பலை மீட்ட செலவுல சரக்கு வெச்சிருந்த எல்லாருக்கும் பங்கு விழுந்தது. 'ஜெனரல் ஆவரேஜ்'ங்கிற பழைய கடல் சட்டம்: கப்பலைக் காப்பாத்த ஆன செலவை, அதுல சரக்கு இருக்கிற அத்தனை பேரும் பகிர்ந்துக்கணும். உங்க சரக்குக்கு ஒரு கீறல்கூட விழாம இருந்தாலும் பங்கு கட்டினாத்தான் கைக்கு வரும். காப்பீடு இருந்தா கம்பெனி உத்தரவாதம் கொடுக்கும். பகிர்வுப் பெட்டியில காப்பீடு இல்லாத ஒருத்தர் இருந்தாலே மத்தவங்க சரக்கும் தாமதமாகும். வழக்கமா சி.ஐ.எஃப். மதிப்போட 10 சதவீதம் கூட்டிக் காப்பீடு எடுப்பாங்க. இதையும் இ.சி.ஜி.சி.யையும் குழப்பிக்காதீங்க. சரக்கு சேதமானா கடல்சார் காப்பீடு. வாங்கினவர் காசு தரலேன்னா இ.சி.ஜி.சி.

மாமாவோட இங்கிலாந்து வாடிக்கையாளர் திரும்ப வரலை. நான் ரெண்டு தடவை மெயில் எழுதிக் கொடுத்தேன், பதில் இல்லை. எட்டு மாசம் கழிச்சு மலேசியாவுலேர்ந்து ஒரு ஆர்டர் வந்தது. இந்தத் தடவை மாமா மூணு பேர்கிட்ட ரெண்டு பக்கச் செலவையும் எழுதி வாங்கி, நடுவில இருந்த விலையைத் தேர்ந்தெடுத்தார். கிளாங் துறைமுகத்துல என்ன கட்ட வேண்டியிருக்கும்னு வாங்குறவருக்கு விலைப்பட்டியலோடயே அனுப்பிட்டார். அவர் பார்த்துட்டு, அங்க தன்னோட ஆளே இருக்கார், எஃப்.சி.ஏ. போடுங்கன்னு சொல்லிட்டார்.

போன வாரம் போயிருந்தப்போ, முத்திரை குத்தின ரெண்டு பாலெட் ஷட்டர் ஓரமா நின்னுக்கிட்டிருந்தது. மாமா டேப்பை எடுத்து, பாலெட்டோட சேர்த்து மறுபடி ஒரு தடவை அளந்துக்கிட்டிருந்தார். "வியாழக்கிழமை கட்-ஆஃப்மா, லாரிக்காரன் புதன்கிழமையே வந்தாகணும்"னார்.