வாளும் வணக்கமும்: சாமுண்டராயர் வாழ்வு

(சேத்தியாத்தோப்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

சிலம்பமும் கராத்தேயும் பயிலும் பிள்ளைகள் இன்று நம் இல்லங்களிலும் உள்ளனர். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட குடியில் பிறந்தவனுக்கு இந்தக் கலை எதற்கு என்று பாட்டனார் வினவுவதும், பேரன் விடை அறியாது விழிப்பதும் உண்டு. விடை புராணத்திலேயே இருக்கிறது. கற்பக மரங்கள் அருகி, மக்கள் பிழைக்கும் வழி அறியாது நின்ற காலத்தில், ஆதிபகவன் அவர்களுக்கு ஆறு தொழில்களைக் கற்பித்தருளினார் என்கிறது ஜினசேனாசாரியர் இயற்றிய ஆதிபுராணம். அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிஜ்யம், சில்பம் என்பன அவை. வெள்ளாற்று அணைக்கட்டின் நீரைக்கொண்டு இவ்வூரைச் சுற்றி நெல்லும் கரும்பும் விளைவிப்போர் கிருஷியினர். அருகிலுள்ள விருத்தாசலத்தில் களிமண்ணைப் பீங்கானாக்குவோர் சில்பத்தினர். கணக்கெழுதி வாழ்வோர் மசியினர். ஆறனுள் முதலாவதாக எண்ணப்பெற்ற அசி என்பதோ வாள்.

கொல்லவேண்டுமென்று எண்ணியே செய்வது சங்கல்ப இம்சை. தாக்க வருபவனைத் தடுக்குமிடத்து நேர்வது விரோதி இம்சை. முன்னதை இல்லறத்தான் முற்றும் விலக்கவேண்டும் என்பது ஆசாரியர் துணிபு. பின்னது காவல் பூண்டவனால் தவிர்க்க இயலாதது. தவிர்க்க இயலாதது என்பதனாலேயே அது புண்ணியம் ஆகிவிடாது. படைத்தொழில் கற்ற சமணன் இந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டே வாழவேண்டியவன். அதனை எவ்வாறு சுமப்பது என்று வாழ்ந்து காட்டியவர் சாமுண்டராயர்.

பத்தாம் நூற்றாண்டில் கங்க மன்னர்களான மாரசிம்மனுக்கும் அவனுக்குப் பின் இராசமல்லனுக்கும் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் விளங்கியவர் அவர். கேடகப் போரில் வஜ்ஜலனை வென்றமையால் சமரதுரந்தரன் எனப்பட்டார். கோனூர்க் களத்தில் வீரமார்த்தாண்டன் என்றும், உச்சங்கிக் கோட்டைப் போரில் ரணரங்கசிங்கன் என்றும் பட்டம் பெற்றார். இவற்றோடு வேறொரு பட்டமும் அவருக்கு உண்டு. விளையாட்டிற்கும் பொய் உரையாதவர் ஆதலின் சத்தியயுதிஷ்டிரன் என்று அழைக்கப்பெற்றார். போர்க்களத்துப் பட்டங்களைப் பெறப் பகைவர் வேண்டும். இந்தப் பட்டத்திற்கு எவரும் வீழவேண்டியதில்லை.

வாள் பிடித்த அந்தக் கையே எழுத்தாணியும் பிடித்தது. அறுபத்து மூன்று சலாகாபுருஷர்களின் வரலாற்றைக் கன்னட உரைநடையில் 978ஆம் ஆண்டில் அவர் எழுதி முடித்தார். சாவுண்டராய புராணம் என வழங்கும் அந்நூல், கன்னட உரைநடையின் மிகப் பழைய நூல்களுள் ஒன்று. ஒழுக்கம் பற்றிச் சாரித்திரசாரம் என்னும் வடமொழி நூலையும் இயற்றினார். படைக்கும் அரசவைக்கும் இடையில் இத்தனைக்கும் அவர்க்கு நேரம் எங்கிருந்து வந்தது என்று வியக்கத் தோன்றுகிறது. ஒரு தொழிலில் தேர்ச்சி பெற்றமையைச் சாக்காக்கி மற்றொன்றைக் கைவிட்டவர் அல்லர் அவர்.

பௌதனபுரத்துப் பாகுபலியைத் தரிசிக்கும்வரை பால் அருந்துவதில்லை என்று அவருடைய அன்னையார் காளலாதேவி நோன்பு பூண்டார் என்பது வழிவழிக் கதை. அன்னையை அழைத்துக்கொண்டு புறப்பட்டவர், சிரவணபெளகொளத்தில் தங்கிய இரவில் ஒரு கனவு கண்டார். சந்திரகிரியில் நின்று எதிர்க்குன்றை நோக்கி அம்பு எய்யுமாறு அக்கனவு பணித்தது. அம்பு தைத்த பாறையில் பாகுபலியின் திருமேனி வெளிப்பட்டதாம். களங்கள் பல கண்ட வில்லுக்கு அன்று இலக்கானது பகைவன் மார்பன்று, பாறை. அன்னையின் விருப்பத்தை நிறைவேற்றவே அந்த நாண் இழுக்கப்பட்டது. கதை எவ்வாறாயினும், ஏறத்தாழ ஐம்பத்தேழு அடி உயரத்தில் ஒரே கல்லில் அமைந்த அத்திருமேனி 981ஆம் ஆண்டளவில் எழுந்தது என்பது வரலாறு.

எத்தனையோ தீர்த்தங்கரர் இருக்க, போர்வீரர் ஒருவரின் பெயரோடு பாகுபலி இணைந்தமை கருதத்தக்கது. பரதனும் பாகுபலியும் எதிர்நின்றபோது, இரு படைகளும் வீணே மாளவேண்டா என்று அமைச்சர் தடுத்தனர். திருஷ்டி யுத்தம், ஜல யுத்தம், மல்ல யுத்தம் என்னும் மூன்றை உடன்பிறந்தார் இருவர் மட்டும் புரிந்தனர். மூன்றிலும் பாகுபலியே வென்றார். மற்போரில் அண்ணனைத் தலைக்குமேல் தூக்கியவர் மண்ணில் அறையவில்லை. வென்ற நாட்டைத் துறந்து, கொடிகள் மேனியில் படர ஓராண்டு அசையாது நின்றார். மற்கலையின் முழுத் தேர்ச்சி அந்தத் தோள்களில் தெரிகிறது. அதனைக் கீழே வைத்துவிட்ட அமைதி முகத்தில் தெரிகிறது. தமிழ்ச் சமணர்க்கு இது புதிய செய்தியன்று. வில்வித்தை முற்றக் கற்ற சீவகன், ஆசிரியர் அச்சணந்தியின் ஒரு சொல்லுக்காகத் தந்தையைக் கொன்ற கட்டியங்காரன் மீது ஓராண்டு படையெடாதிருந்த கதையைத் திருத்தக்கதேவர் நமக்குத் தந்திருக்கிறார்.

சாமுண்டராயருக்கும் ஆசிரியர் வாய்த்தனர். அஜிதசேனர் ஒருவர், நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி மற்றொருவர். மாணாக்கர் வேண்டிக்கொண்டபடி சித்தாந்தப் பெருநூல்களைச் சுருக்கித் தந்த நேமிசந்திரர், அந்நூலுக்குக் கோம்மடசாரம் என்று பெயரிட்டார். கோம்மடன் என்பது சாமுண்டராயரின் வீட்டுப் பெயர். நன்றி மாணாக்கன்பால் மட்டுமே இருக்கவேண்டிய பண்பு என்று எண்ணுவோர் இதனை நோக்குக.

முதல் திருமுழுக்கின்போது நிகழ்ந்ததாகவும் ஒரு கதை உண்டு. குடம் குடமாகப் பால் சொரிந்தும் அது தொடைக்குக் கீழே இறங்கவில்லை. இத்துணைப் பெரும்பணி செய்தோம் என்னும் செருக்குத் தடுத்தது என்பர். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மூதாட்டி ஒருத்தி சிறு காயோட்டில் கொணர்ந்த பாலை வார்த்தாள். அது திருவடி வரை நனைத்து மலையிலும் வழிந்தது. குள்ளகாயஜ்ஜி எனப்படும் அவளுடைய உருவம் இன்றும் கோம்மடேசுவரருக்கு எதிரே, கையில் அந்தக் காயோட்டுடன் நிற்கிறது. தம் குறையை நினைவூட்டியவளை அங்கே நிறுத்தியவர் சாமுண்டராயரே என்கிறது மரபு. பெருந்தானங்கள் பலவற்றினும் இது அரிய செயல்.

அதே குன்றில் தியாகத பிரமதேவர் தூண் என்று ஒன்று உண்டு. சாமுண்டராயரின் போர் வெற்றிகளை விரித்துரைக்கும் கல்வெட்டு அதில் பொறிக்கப்பட்டிருந்தது. 1200ஆம் ஆண்டளவில் ஹெக்கடெ கண்ணன் என்பவன் தன் சிறு குறிப்பு ஒன்றை எழுதும்பொருட்டுத் தூணின் மூன்று பக்கங்களைச் செதுக்கி அழித்துவிட்டான். வடபக்கம் மட்டும் எஞ்சியது. வெற்றிகளின் பட்டியலில் பெரும்பகுதி இவ்வாறு மறைந்தது.

பாகுபலியின் திருவடிக்கு அருகிலுள்ள கல்வெட்டுகளை யாரும் தீண்டவில்லை. கன்னடத்திலும் தமிழிலும் நாகரி எழுத்திலும் அவை உள்ளன. தமிழ் வரி கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்து பொறிக்கப்பட்டது. இத்திருமேனியைச் சாமுண்டராயர் செய்வித்தார் என்பதே அதன் பொருள். சமரதுரந்தரன் என்றோ வீரமார்த்தாண்டன் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை.